புரோமைடு பாட்டிலும் உப்பில்லாக் கஞ்சியும்

நான் வேலை பார்த்த ஏலக்காய் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இப்போது கம்பவுண்டராக இருக்கும் மாணிக்கம், போன மாதம் கோவிந்தாபுரம் வந்தபோது என்னையும் பார்த்துவிட்டுப் போனார். ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் இங்கே என் மைத்துனரின் மளிகைக் கடைக்குப் பின்புறம் உள்ள வீட்டில் குடியிருக்கிறோம். காப்பி குடித்துக்கொண்டே மாணிக்கம் ஆஸ்பத்திரிச் செய்திகளைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"புது டாக்டரு பழைய சாமானையெல்லாம் கழிச்சுக்கட்டச் சொல்லிட்டாருண்ணே. இப்பத்தான் வலிப்புக்கு நல்ல நல்ல மாத்திரையா வருதே. அந்தப் புரோமைடு ஜாடியையும் தூக்கிப் போடுன்னாரு. அதுல நீங்க ஒட்டுன செகப்புச் சீட்டு இருக்குல்ல, 'உப்பைக் கேள்'னு? அதைப் பாத்துட்டு ஒரே சிரிப்பு. உங்க பழைய கம்பவுண்டருக்கு உப்பு வந்து பதில் சொல்லுமாய்யான்னு கேக்குறாரு."

நானும் சிரித்தேன். உள்ளே என் மகள் கோமதி துணி தைத்துக்கொண்டிருந்தாள். தையல் இயந்திரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் காதில் விழும்படி அந்தச் சீட்டின் கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று மாணிக்கத்திடம் சொன்னேன்.

கோமதிக்கு இப்போது பதினாறு வயது. பகலில் அவள் கொஞ்சம் அயர்ந்து தூங்கினாலும் நான் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறேன். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். "என்னப்பா, தூங்கவும் விடமாட்டீயளா?" என்று அவள் எரிந்து விழுந்த பிறகுதான் என் கால்கள் அந்த இடத்தை விட்டு நகரும். நான் பட்ட பயம் என்னவென்று மாணிக்கத்தின் வயதில் இருப்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அலமாரியில் இருக்கும் மருந்து மாறலாம். மருந்து சாப்பிடுகிறவரின் சாப்பாட்டை விசாரிக்காமல் கொடுக்கும் வழக்கம் மாறாமலே இருக்கக்கூடும்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் பயிற்சி பெற்றேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பொடி இடித்தேன், களிம்பு குழைத்தேன், தராசுத் தட்டைத் துடைத்தேன், திட்டு வாங்கினேன், பரீட்சையில் தேறினேன். பிறகு கம்பத்திலிருந்து மலையேறி வண்டன்மேட்டுப் பக்கம் போனேன். அங்கே எந்நேரமும் ஈரம். மழைக்காலத்தில் பாதை சரிந்தால் அரிசியும் வராது, மருந்தும் வராது. தொழிலாளர்கள் பெரும்பாலும் கம்பம், போடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்கள். லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் இருந்தார்கள். ஆஸ்பத்திரியை அடுத்த சிறு வீடு எனக்குக் கொடுக்கப்பட்டது.

என் டாக்டர் அனந்தன் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். உயரமானவர், கொஞ்சம் கூன். மருந்தறைக்குள் அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். அலமாரியிலிருந்து ஜாடியை எடுக்கும்போது சீட்டை உரக்கப் படிக்க வேண்டும். மருந்தை நிறுக்கும்போது ஒருமுறை படிக்க வேண்டும். ஜாடியைத் திரும்ப வைக்கும்போது இன்னொரு முறை. அறையில் நான் மட்டும் இருந்தாலும் படிக்க வேண்டும். அடுத்த அறையிலிருந்து அவர் காது கொடுத்துக்கொண்டிருப்பார். மூன்றாவது முறை குரல் வரவில்லையென்றால், "ஓய் கம்பவுண்டரே, ஜாடி இன்னும் அந்தரத்துல தொங்கறதா?" என்பார்.

பாட்டிலில் கொடுக்கும் மருந்துக்குப் பக்கவாட்டில் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டுவோம். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் உள்ளது ஒரு வேளை மருந்து. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அதுதான் அளவு. அந்தக் காகிதத்தை ஒட்டிய பிறகு டாக்டர் பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, கோடு கோணலாக இருந்தால் உரித்துவிடுவார்.

நோயாளியிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் சாப்பாட்டைப் பற்றியதுதான். விரலை வெட்டிக்கொண்டு ரத்தம் சொட்ட வருகிறவனிடமும், "நேத்தி என்ன சாப்ட்டே?" என்பார். இதில் லயத்துக்காரர்களுக்கு ஒரே வேடிக்கை. "டாக்டரய்யா வீட்ல அடுப்பு எரியறதில்ல போல. நம்ம சாப்பாட்டைக் கேட்டே வயித்த ரொப்பிக்கிடுதாரு" என்று சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் வலிப்புக்கு எங்கள் அலமாரியில் இருந்தவை கொஞ்சம்தான். பொட்டாசியம் புரோமைடு என்று ஒன்று. பார்ப்பதற்குக் கல்லுப்பைப் போலவே இருக்கும், வாயில் வைத்தாலும் கரிக்கும். நீரில் கரைத்து வாசனை சேர்த்துப் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்போம். அடுத்தது பினோபார்பிட்டோன் மாத்திரை. மூன்றாவது பாரால்டிஹைடு. வலிப்பு நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் தொடையில் போடும் ஊசி மருந்து அது. அதன் நாற்றம் நோயாளியின் மூச்சிலும் வரும். போர்வையிலும் சுவரிலும் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் போகாது. பெனிட்டாயின் என்று புதிதாக ஒன்று வந்திருப்பதாகவும், அதைத் தின்றால் தூக்கக் கலக்கம் வராது, ஆனால் ஈறு வீங்கும் என்றும் டாக்டர் சொல்வார். அது எங்கள் மலைக்கு வரப் பின்னும் சில வருடங்கள் ஆயின.

"வலிப்பைக் குணமாக்கற மருந்து ஒண்ணும் கெடையாது ஓய்," என்பார் அவர். "இதெல்லாம் கதவை அழுத்திச் சாத்திண்டு நிக்கற கை ஆக்கும். கையைச் சட்டுனு எடுத்தா, கதவு முன்னைவிட வேகமாத் தொறக்கும்."

அது எப்படித் திறக்கும் என்பதைச் சுடலையிடம் பார்த்தேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் நெருப்புப் போடும் வேலை செய்தவன் அவன். பினோபார்பிட்டோன் தொடங்கியபின் ஒரு வருடத்துக்கு மேல் வலிப்பே இல்லை. "உடம்புதான் நல்லாருக்கே, இன்னும் என்னத்துக்கு மாத்திரை?" என்று யாரிடமும் கேட்காமல் ஒரே நாளில் நிறுத்திவிட்டான். சில நாளில் கம்பளியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு வலிப்பு முடிந்து நினைவு திரும்புமுன் அடுத்தது, அது முடியுமுன் இன்னொன்று. பாரால்டிஹைடு போட்டோம், பினோபார்பிட்டோன் ஊசியும் போட்டோம். அன்று மாலையே இறந்துபோனான். டாக்டர் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தார். "வியாதி கொன்னுதுன்னு நெனைக்காதீரும். மருந்தை நிறுத்தினது கொன்னுது," என்றார்.

அப்போது கோமதிக்கு ஐந்து வயது. அவளும் வலிப்புக்காரி. எங்களுக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. சுடலையின் உடம்பைத் தூக்கிக்கொண்டு போன அன்று நான் வீட்டுக்குப் போய் அவளுடைய மாத்திரைச் சீசாவைக் கையில் எடுத்துப் பார்த்து, நிறைய இருக்கிறது என்று தெரிந்த பிறகும் கீழே வைக்காமல் நின்றேன்.

பினோபார்பிட்டோன் அவளுடைய வலிப்பை நிறுத்தியது. பிள்ளையின் குணத்தைக் கெடுத்தது. பெரியவர்களை மந்தமாக்கும் அந்த மருந்து சில குழந்தைகளிடம் தலைகீழாக வேலை செய்யும். ஓரிடத்தில் உட்காரமாட்டாள். சிலேட்டை உடைத்தாள், தாயைக் கடித்தாள். போதாததற்கு ஒரு மழைக்காலத்தில் பாதை சரிந்து மாத்திரை வருவதும் நின்றுபோகும் போலிருந்தது. டாக்டர் யோசித்து, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அந்த இடத்தில் புரோமைடைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். கோமதி அமைதியானாள். பள்ளிக்கூடம் போனாள். ஒன்பது வயது வரை பெரிதாக ஒன்றுமில்லை.

அந்த வருடம் மேல் லயத்தில் இரண்டு வீடுகளில் அம்மை கண்டிருந்தது. தண்ணீர் முத்து என்னும் சின்னம்மைதான், உயிருக்கு ஆபத்தில்லை. டாக்டர் தம் தகப்பனார் திவசத்துக்காகக் கல்பாத்திக்குப் போயிருந்தார். ஒருநாள் காலையில் என் மனைவி ஆவுடை கோமதிக்குத் தலை சீவ உட்கார்ந்தவள், சீப்பைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. பிள்ள மூஞ்சியில ஆத்தா முத்துப் போட்டிருக்கா."

நெற்றியிலும் கன்னத்திலும் தோளிலும் சிவந்த கொப்புளங்கள். புரோமைடு சாப்பிடும் பெரியவர்களுக்கு முகத்தில் பரு வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அடுத்த லயத்தில் அம்மை இருக்கும்போது, சொந்தப் பிள்ளையின் முகத்தில் கொப்புளத்தைப் பார்க்கிற தகப்பனுக்கு வேறு எது நினைவுக்கு வரும்? எனக்கும் அம்மையாகவே தெரிந்தது.

ஆவுடை வாசலில் வேப்பிலை செருகினாள். வீட்டில் தாளிப்பு நின்றது, எண்ணெய் நின்றது, உப்பு நின்றது. அம்மை கண்ட பிள்ளைக்கு உப்பில்லாக் கஞ்சியும் இளநீரும்தான். இதெல்லாம் எங்கள் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காத முறை. ஆனால் மருந்தும் கூடாது என்று அவள் சொன்னபோது எனக்குச் சுடலையின் முகம் வந்து நின்றது.

"மருந்தை நிறுத்தினா பிள்ள செத்துரும், ஆவுடை."

"மருந்து குடுத்தா ஆத்தாளுக்குக் கோவம் வரும். நீங்க படிச்சவுக, உங்களுக்கு ஒண்ணும் கெடையாது. பிள்ளைக்குக் கண்ணு போனா யாரு குடுப்பா?"

இருவரும் அழுதோம். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். "சரி, பாட்டில் உங்களோடது. நான் கேக்கமாட்டேன்," என்றாள் அவள். "கஞ்சி என்னோடது. அதுல நீங்க கை வைக்கக் கூடாது." எனக்குப் பெரிய நிம்மதி. மருந்து நிற்கவில்லை. வேளை தவறாமல் கோடு பார்த்து ஊற்றிக் கொடுத்தேன்.

கோமதிக்கு நாளுக்கு நாள் தூக்கம் கூடியது. அம்மை அசதி என்றார்கள். பிறகு நடக்கும்போது கால் பின்னியது. பேச்சில் நாக்குக் குழறியது. என் பெயரைச் சொல்லு என்றால் வெகுநேரம் என்னையே பார்த்தாள். பிறகு ஆளில்லாத இடத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். "சுவத்துல யாரோ செகப்புச் சீல கட்டிக்கிட்டு நிக்காக," என்று ஒரு மத்தியானம் சொன்னாள். ஆவுடை அந்தச் சுவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

செய்தி லயம் முழுக்கப் பரவிவிட்டது. கம்பவுண்டர் மகள்மேல் ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று பெண்கள் குறி கேட்க வந்தார்கள். முன்னால் உட்கார்ந்தவள் கங்காணியின் மனைவி முத்தம்மாக்கா. எங்களுக்கு நாள்தோறும் பால் தருகிறவள், நல்லவள்.

"தாயி, கம்பத்துக்குப் போன எம் மவன் எப்ப வருவான்? வாயத் தொறந்து சொல்லு ஆத்தா."

கோமதி பாதி மூடிய கண்ணோடு, "ஆட்டுக்குட்டி... சுவத்துல ஏறுது," என்று குழறினாள்.

"கேட்டியளா! கெடா கேக்கா!" என்றாள் ஒருத்தி.

"கெடா இல்லடி. இவ மவன் அவுக அப்பன் ஆட்டை வித்துக் குடிச்சான்லா, அதைச் சொல்லுதா," என்றாள் இன்னொருத்தி.

"ஆத்தா சொன்னாளோ இல்லையோ, நீ சொல்லிப்புட்ட," என்று முத்தம்மாக்கா திரும்பி முறைத்தாள். பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. நான் மகளின் வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் தலை என் கையில் கனத்தது. என் பிள்ளை என்னைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்றும், இத்தனை பேர் நடுவில் அது நடக்கிறது என்றும் எனக்குத் தோன்றியது.

அதற்கு மறுநாள் டாக்டர் திரும்பினார். செய்தி கேட்டு, பஸ்ஸிலிருந்து இறங்கியவர் குடையை மடக்காமலே எங்கள் வீட்டுக்கு வந்தார். கோமதியின் பக்கத்தில் உட்கார்ந்து அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தார். ஜுரம் இல்லை. இமையை விலக்கிப் பார்த்தார். முழங்காலைத் தட்டினார், கால் அசையவில்லை. "கொழந்தே, மூக்கைத் தொடு," என்றார். அவள் விரல் காதோரம் போய் நின்றது. கொப்புளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, வாயைத் திறந்து உள்ளேயும் பார்த்தார்.

பிறகு ஆவுடையைக் கேட்டார். "அம்மா, கொழந்தை என்ன சாப்பிடறா?"

"கஞ்சிதாங்கய்யா."

பக்கத்தில் கிண்ணத்தில் ஆறிக் கிடந்த கஞ்சியில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். கல்பாத்திப் பிராமணர் ஒருவர் எங்கள் வீட்டுக் கஞ்சியில் விரல் வைப்பார் என்று ஆவுடை நினைக்கவே இல்லை. வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"உப்பு இல்லையே."

"அம்மை கண்ட வீட்ல உப்பு போடலாமாய்யா?"

"எத்தனை நாளா இல்லை?"

"முத்துப் போட்ட அன்னையிலருந்து."

அவர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன். "புரோமைடு?" என்றார். ஒரு வேளையும் தவறாமல் கொடுத்தேன் என்றேன்; பாட்டில் என்னுடையது, கஞ்சி ஆவுடையுடையது என்று நாங்கள் பிரித்துக்கொண்டதையும் சொன்னேன். என்னைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

"இது அம்மைன்னு நேக்குத் தோணலை ஓய். அம்மைன்னா நீர் கோத்துண்டு, ஒடைஞ்சு, பொருக்குத் தட்டணும். இது பரு மாதிரியே நிக்கறது. இது நம்ம மருந்தோட வேலை."

"அளவு கூடலையே சார்."

"அளவு கூட வேண்டாம். புரோமைடும் உப்பும் ஒரே ஜாதி. சிறுநீரகத்துக்கு ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. சாப்பாட்டுல உப்பு தாராளமா வந்தா, உப்போட சேர்த்துப் புரோமைடையும் வெளியே விட்டுடும். உப்பே வரலைன்னு வையும், இருக்கறதை விடாமப் பிடிச்சு வச்சுக்கும். உப்புன்னு நெனைச்சுண்டு புரோமைடையும் பிடிச்சு வச்சுக்கும். நீர் ஊத்த ஊத்த உள்ளே ஏறிண்டே இருந்திருக்கு. அதுதான் இந்தத் தூக்கம், இந்த உளறல், இந்தப் பருவும்."

உப்பை நிறுத்தாமல் இருந்திருந்தாலும், உப்போடு மருந்தையும் நிறுத்தியிருந்தாலும் இந்தக் கோலம் வந்திருக்காது. நாங்கள் இருவரும் அழுது பேசி ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டதுதான் பிள்ளையை இந்த இடத்துக்குக் கொண்டுவந்திருந்தது.

"நிச்சயமா சார்?" என்று கேட்டேன்.

"நிச்சயம்னு எப்படிச் சொல்றது? ரத்தத்தை மதுரைக்கு அனுப்பிப் பதில் வர்றதுக்குள்ள கொழந்தைக்கு மூச்சு நிக்கலாம். புரோமைடை இப்பவே நிறுத்தணும். உப்பு கொடுக்கணும், நெறையத் தண்ணி கொடுக்கணும். ஆனா கேட்டுக்கோரும், உப்பு உள்ளே போகப் போகப் புரோமைடு வெளியே போகும். அது போனா வலிப்பைத் தடுக்க ஒண்ணும் இருக்காது. பினோபார்பிட்டோனை இப்பவே தொடங்கலாம்னா, இந்தத் தூக்கத்து மேல அந்தத் தூக்கமும் சேர்ந்து ஆளையே அமுக்கிடும். அவ தன் பேரைத் தெளிவாச் சொல்ற வரைக்கும் காத்திருக்கணும்."

ஒரு பக்கம் தூக்கத்திலேயே போய்விடுவாள். மறுபக்கம் சுடலையைப் போலப் போவாள். நடுவில் இருந்த இடைவெளி எவ்வளவு அகலம் என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

ஆவுடையிடம் அவர் வாதாடவில்லை. "தலைக்குத் தண்ணி விட்டாச்சுன்னா உப்பு போடலாம், இல்லையா அம்மா? அதை இன்னிக்கே பண்ணக்கூடாதா?" என்றுதான் கேட்டார். ஆத்தா உத்தரவு கொடுக்க வேண்டும் என்றாள் அவள். லயத்துக் கோடியில் இருந்த மாரியம்மன் கல்லின் முன் பூக் கட்டிப் போடப் போனாள். இலைக்குள் வெள்ளைப் பூ வைத்து ஒரு பொட்டலம், சிவப்புப் பூ வைத்து ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் உத்தரவு. நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடவுளை நம்பாதவனல்ல நான். அந்த நேரத்தில் எதைக் கேட்டுக் கும்பிட வேண்டும் என்பதே எனக்குத் தெரியவில்லை.

ஆவுடை தலை குனிந்து திரும்பி வந்தாள். "செகப்பு," என்றாள்.

டாக்டர் என்னை மருந்தறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். பிறகு, "ஓய், பாட்டில் உம்மோடதுன்னு சொன்னாளே, அப்படித்தானே?" என்றார். "சோடியம் குளோரைடு எடும். நிறும். பாட்டில்ல கரையும். சீட்டு ஒட்டும்."

எடுக்கும்போது படித்தேன். நிறுக்கும்போது படித்தேன். திரும்ப வைக்கும்போது படித்தேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது. காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டினேன். அன்று அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை.

வீட்டில் கோமதியைத் தூக்கி மடியில் சாய்த்துக்கொண்டு மூடியைத் திறந்தபோது ஆவுடை பாட்டிலை வாங்கினாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் பொய் சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தேன்.

"உப்பு," என்றேன்.

பாட்டிலைத் திரும்ப என் கையில் கொடுத்தாள். "பாட்டில் உங்களோடதுதான்," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டே முதல் வேளையை ஊற்றினேன். பாதி வெளியே வந்தது. மறுபடியும் ஊற்றினேன்.

அடுத்த நாள் மாற்றமில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் டாக்டரைக் கேட்கும்போதெல்லாம், "மெதுவா ஏறினது மெதுவாத்தான் இறங்கும்," என்றார். ஆனால் அவரே காரணமில்லாமல் பகலில் பலமுறை வந்து எட்டிப் பார்த்தார். ஆவுடை உப்பில்லாக் கஞ்சியை ஊட்டினாள். நான் உப்புத் தண்ணீரை ஊட்டினேன். பாட்டிலில் இருப்பது உப்பு என்பது லயத்துக்கும் எட்டிவிட்டது.

அதற்குப் பின் ஒரு காலையில் கோமதி கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தாள். யாராவது நிற்கிறார்களா என்று நான் கேட்டேன். "யாருமில்லையே," என்றாள். பிறகு, "அம்மா, பசிக்கி," என்று குழறாமல் சொன்னாள். ஆவுடை ஓடிவந்து அவள் முகத்தைத் தன் இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டாள். "ஒன் பேரென்னட்டி?" என்று கேட்டாள். "ஏன், ஒனக்குத் தெரியாதா?" என்றாள் கோமதி. நான் டாக்டரைக் கூப்பிட ஓடினேன். பினோபார்பிட்டோனைத் தொடங்கும் நாள் அதுதான்.

டாக்டரோடு நான் திரும்பி வருவதற்குள் வலிப்பு வந்துவிட்டது.

கைகால் விறைத்து, கண் மேலே செருகி, உதடு நீலம் பாரித்து, பிறகு உதறல். டாக்டர் பினோபார்பிட்டோன் ஊசி போட்டார். பாரால்டிஹைடையும் எடுத்து வைக்கச் சொன்னார். மூடியைத் திறந்ததுமே அந்த நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. சுடலை கிடந்த கட்டில் என் கண்முன் வந்தது. அடுத்தது வருகிறதா என்று கோமதியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. முத்தம்மாக்கா மாரில் அடித்துக்கொண்டாள்.

"நான் சொன்னேம்லா! ஆத்தா வேண்டாம்னு செகப்புப் பூ காட்டுனாளே! உப்புத் தண்ணிய ஊத்தி ஊத்திப் பிள்ளைய இப்படிப் பண்ணிட்டியளே! அந்தப் பாட்டிலத் தூர எறி ஆவுடை. ஆத்தா கால்ல விழு."

அடுத்தது வரவில்லை. உதறல் அடங்கி கோமதி தூங்கினாள். அது வலிப்புக்குப் பின் வரும் தூக்கமா, ஊசியின் தூக்கமா, பழைய புரோமைடுத் தூக்கமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருடம் மருந்து கலந்தவன் நான். என் மகளின் மூடிய இமைகளைப் பார்த்து, அது எந்தத் தூக்கம் என்று அடையாளம் காண முடியாமல் உட்கார்ந்திருந்தேன். "காத்திரும்," என்றார் டாக்டர். அவரும் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். வாசலில் நின்ற பெண்களும் போகவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் அவள் அசைந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "ம்," என்றாள். ஆவுடை எழுந்து அடுக்களைக்குள் போய்க் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். பிள்ளையின் பக்கத்தில் கிண்ணத்தை வைத்தாள். மறுபடி உள்ளே போய் உப்பு மரவையை எடுத்து வந்தாள்.

வாசலில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்தம்மாக்கா, "ஆவுடை, வேண்டாம் தாயி," என்றாள், அதட்டலாக அல்ல, கெஞ்சலாக. ஆவுடை மரவைக்குள் விரல்களை விட்டாள். பாதி உப்பு பாயிலும் தரையிலும் சிந்தியது. மீதி கிண்ணத்தில் விழுந்தது. இன்னொரு சிட்டிகை எடுத்துப் போட்டாள். கலக்கினாள்.

"ஆவுடை..." என்றேன்.

"பேசாம இருங்க," என்றாள், என்னைப் பார்க்காமலே. "உப்புத் தண்ணி போன பொறவுதான் பிள்ளைக்குப் பேச்சு வந்துச்சு. ஆனாலும் எனக்குப் பயமா இருக்கு. பேச்சுக் குடுத்தா கை நின்னுரும்."

முதல் கரண்டியைப் பிள்ளையின் வாயருகே கொண்டுபோனாள்.